தெருவில் கவிதை மாட்டுவது எப்படி? சலூன் கண்ணாடியிலிருந்து பஸ் ஸ்டாப் வரை ஒரு முழு வழிகாட்டி

எங்கள் ஊர் சலூன் ஒன்றில், கண்ணாடிக்கு மேலே ஒரு அட்டை தொங்குகிறது. அதில் இருப்பது 280ஆம் குறள்.

மழித்தலும் நீட்டலும் வேண்டா உலகம்
பழித்தது ஒழித்து விடின்

மொட்டையும் வேண்டாம் சடைமுடியும் வேண்டாம், ஊர் பழிப்பதை விட்டால் போதும் என்று போலிச் சாமியார்களைப் பார்த்து வள்ளுவர் சொன்னது. அதைக் கொண்டுபோய் முடி வெட்டுகிற இடத்தில் வைக்கலாமா என்று கேட்டபோது கடைக்காரர் இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, என் தொழிலுக்கே வேட்டு வைக்கிறீங்களே" என்றார். அப்புறம் அவரே சுத்தியலை எடுத்து ஆணி அடித்துக் கொடுத்தார். கழுத்தில் துணியைக் கட்டிவிட்டால் கையை அசைக்க முடியாது, செல்போனை எடுக்க முடியாது, எதிரே இருப்பதைப் படிப்பதைத் தவிர அந்த 20 நிமிடத்துக்கு வேறு வழியே இல்லை. இப்படிப்பட்ட இடங்களைத் தேடிப் பிடிப்பதுதான் இந்த வேலையில் பாதி.

இது ஒன்றும் புது யோசனை இல்லை. நம் அரசுப் பேருந்துகளில் குறள் எழுதிய பலகையைப் பார்த்துத்தான் நாம் எல்லோரும் வளர்ந்தோம். லண்டனில் 1986 முதல் பாதாள ரயில் பெட்டிகளில் விளம்பரம் ஒட்டும் இடத்தில் கவிதைகளை ஒட்டி வருகிறார்கள். நெதர்லாந்தின் லெய்டன் நகரத்தில் 1992இல் ஆரம்பித்து 2005க்குள் 101 கவிதைகளை வீட்டுச் சுவர்களில் பெரிதாக எழுதினார்கள், அதுவும் அந்தந்த மொழியில், அந்தந்த எழுத்திலேயே. அந்த அளவுக்கு நமக்குப் பணமும் கிடையாது, சுவரும் கிடையாது. ஒரு தெரு, ஐந்து அட்டை, மூன்று பேர் போதும். நாங்கள் அப்படித்தான் ஆரம்பித்தோம். எங்கே சறுக்கினோம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் நடந்து பாருங்கள்

கவிதையைத் தேடிவிட்டு இடத்தைத் தேடாதீர்கள். எங்கள் முதல் தவறே அதுதான்: 12 கவிதைகளைத் தேர்ந்தெடுத்து, அச்சடித்து, கையில் வைத்துக்கொண்டு எங்கே மாட்டலாம் என்று அலைந்தோம். ஒன்றும் எங்கும் பொருந்தவில்லை.

காலை 7 முதல் 9 வரை ஒரு தடவை, மாலை 5 முதல் 7 வரை ஒரு தடவை, கையில் ஒரு சின்ன நோட்டோடு தெருவைச் சுற்றுங்கள். மக்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள், எவ்வளவு நேரம், அப்போது கண் எதைப் பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ரேஷன் கடை வரிசை, மாவு மில், பஸ் ஸ்டாப், டீக்கடை பெஞ்சு, ஜெராக்ஸ் கடை, அரசு மருத்துவமனையில் மருந்துச் சீட்டு வாங்கும் ஜன்னல், பள்ளிக்கூட வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும் இடம், குடிநீர் லாரி வந்து நிற்கும் முக்கு. மாவு மில்லில் அரைத்து முடிகிறவரை அந்தச் சத்தத்தில் யாரோடும் பேச முடியாது, ஆனால் படிக்கலாம். எனக்குப் பிடித்த இடம் அதுதான், மாவு படிந்து அட்டை வாரத்துக்கு ஒரு தடவை வெளுத்துப்போகும் என்பது மட்டும்தான் குறை.

எல்லோரும் முதலில் கைகாட்டும் இடம் பெரிய ரோட்டோரச் சுவர். அதை விடுங்கள். வண்டியில் போகிறவர் கண்ணில் ஒரு இடம் இரண்டு மூன்று நொடிதான் நிற்கும், நாலு வரிக் கவிதைக்கு அது போதாது. வண்டி ஓட்டுகிறவர் படிக்க ஆரம்பித்தால் அது இன்னும் மோசம்.

பூங்கா இருந்தால் நடைபாதையை விட்டுவிட்டு பெஞ்சுக்கு எதிரே வையுங்கள். நடைப்பயிற்சிக்காரர்கள் எதற்கும் நிற்க மாட்டார்கள்.

கவிதையைத் தேர்ந்தெடுப்பது

இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. உபதேசம் வேண்டாம். நம் ஊர்ச் சுவர்களில் ஏற்கெனவே போதுமான அளவு உபதேசம் இருக்கிறது: குப்பை போடாதே, மரம் நடு, நேரம் பொன் போன்றது, இங்கே சிறுநீர் கழிக்காதே. கவிதையும் அதே குரலில் பேசினால், மக்கள் அதை இன்னொரு அறிவிப்பு என்று நினைத்துக் கடந்துபோய்விடுவார்கள். டாஸ்மாக் எதிரே கள்ளுண்ணாமை அதிகாரத்தை வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அங்கே வருகிறவருக்குத் தெரியாத எதையும் அந்தப் பலகை சொல்லப்போவதில்லை என்று சொல்லித் தடுத்துவிட்டேன்.

காமத்துப்பாலில் மட்டும் 250 குறள்கள் இருக்கின்றன. பொது இடத்தில் அவற்றை யாரும் வைப்பதில்லை என்பதால்தான் சொல்கிறேன், அங்கிருந்து ஆரம்பியுங்கள். நாங்கள் பஸ் ஸ்டாப்பில் வைத்தது 1094:

யான் நோக்கும் காலை நிலன் நோக்கும் நோக்காக்கால்
தான் நோக்கி மெல்ல நகும்

நான் பார்த்தால் தரையைப் பார்க்கிறாள், பார்க்காதபோது என்னைப் பார்த்து மெல்லச் சிரிக்கிறாள். கல்லூரிப் பேருந்துக்கு நிற்கிற பிள்ளைகள் மத்தியில் இதை வைத்தால் உரை எதற்கு?

வெளியூர் பஸ் நிற்கிற இடம் என்றால் 1151 இருக்கிறது. "செல்லாமை உண்டேல் எனக்கு உரை மற்று நின் வல்வரவு வாழ்வார்க்கு உரை." போகவில்லை என்றால் என்னிடம் சொல், சீக்கிரம் திரும்பி வருவேன் என்பதை அதுவரை உயிரோடு இருப்பவர்களிடம் சொல் என்று அவள் கோபமாகச் சொல்வது. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் வழியனுப்புகிற ஊரில் இது எப்படி இறங்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. மெஸ்ஸில் பில் கொடுக்கிற இடத்துக்கு 942: "மருந்தென வேண்டாவாம் யாக்கைக்கு அருந்தியது அற்றது போற்றி உணின்." முன்பு சாப்பிட்டது செரித்த பிறகு சாப்பிட்டால் மருந்தே வேண்டாம் என்பதைச் சாப்பாடு விற்கிறவரே மாட்டி வைத்திருக்கிறார் என்பதில் ஒரு சிரிப்பு இருக்கிறது. அந்தச் சிரிப்புதான் ஆளை நிறுத்துகிறது.

குறளோடு நின்றுவிடாதீர்கள். குறுந்தொகைப் பாடல்கள் 4 முதல் 8 அடி, ஐங்குறுநூறு 3 முதல் 6 அடி, அட்டைக்கென்றே அளந்து வைத்த மாதிரி. நற்றிணை 9 அடிக்கு மேல் போவதால் காத்திருக்கும் இடத்துக்கு ஒத்துவராது, நூலக வாசலுக்குச் சரி. ஔவையாரின் ஆத்திசூடியில் ஒரே வரிதான் என்றாலும் அத்தனையும் அறிவுரை என்பதால் நான் எடுப்பதில்லை. தாலாட்டு, விடுகதை, நடவுப் பாட்டில் இரண்டு வரி, ஹைக்கூ எல்லாமே வைக்கலாம். விடுகதை வைத்தால் விடையை அடுத்த தெரு அட்டையில் வையுங்கள், பிள்ளைகள் ஓடிப்போய்ப் பார்ப்பார்கள்.

நீளம் அதிகபட்சம் 25 சொல். அதற்கு மேல் போனால் டீ ஆறிவிடும்.

இடத்துக்கும் வரிக்கும் ஒரு முடிச்சு வேண்டும் என்றாலும், அதை அதிகமாக இறுக்கினால் அசட்டுத்தனமாகிவிடும். தண்ணீர்த் தொட்டியில் "நீரின்று அமையாது உலகெனின்" என்று எழுதுவதை ஊர் ஊராகப் பார்த்தாகிவிட்டது. அதே தொட்டியில் குறுந்தொகையின் 3ஆம் பாட்டை வைத்துப் பாருங்கள். அவனோடு கொண்ட நட்பு நிலத்தைவிடப் பெரியது, வானத்தைவிட உயர்ந்தது, கடல்நீரைவிட ஆழம் என்று ஒரு பெண் சொல்கிறாள். தண்ணீரும் வந்துவிட்டது, பாடமும் நடத்தவில்லை. அப்புறம் இன்னொன்று, "வெந்து தணிந்தது காடு" என்பதை டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் வைக்காதீர்கள். நாங்கள் வைக்கவில்லை, ஆனால் வைக்கலாம் என்று ஒரு தம்பி மிகவும் ஆசைப்பட்டான்.

சீர் பிரிப்பதா, சொல் பிரிப்பதா

பழைய பாட்டை அட்டையில் ஏற்றும்போது வரும் பெரிய சிக்கல் இது. 66ஆம் குறளைப் புத்தகங்களில் ஓசைக்காகச் சீர் சீராகப் பிரித்து இப்படிப் போடுவார்கள்: "குழலினிது யாழினிது என்பதம் மக்கள் மழலைச்சொல் கேளா தவர்." "என்பதம்" என்றால் என்ன, "தவர்" என்றால் யார் என்று நின்று யோசிப்பதற்குள் பஸ் வந்துவிடும். பொருள் நோக்கிப் பிரித்தால்:

குழல் இனிது யாழ் இனிது என்ப தம் மக்கள்
மழலைச் சொல் கேளாதவர்

தமிழய்யாக்கள் தளை தட்டுகிறது என்று சண்டைக்கு வருவார்கள். எங்களிடமும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது, ஓசை கெடத்தான் செய்கிறது. ஆனால் புத்தகம் திறந்து உட்கார்ந்தவருக்கு ஒரு வடிவம், பால் வாங்கப் போகிறவருக்கு ஒரு வடிவம் என்று சொல்லிச் சமாதானம் செய்தோம். பிறகு அவரே எங்களுக்குப் பிழை திருத்துகிறவராக மாறினார், அது பெரிய லாபம்.

உரை சேர்க்கலாமா? சங்கப் பாட்டு என்றால் கட்டாயம், குறள் என்றால் தேவைப்பட்டால். ஒரே வரி, சின்ன எழுத்து, அட்டையின் அடியில். அதை நீங்களே உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். இப்போதைய உரையாசிரியர்களின் உரைக்குத் தனிக் காப்புரிமை இருக்கும், பழைய பாட்டு எல்லோருக்கும் பொது என்பதால் அதன் புது உரையும் பொது ஆகிவிடாது.

உரிமை விஷயம்

இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி எழுதியவர் மறைந்த பிறகு 60 ஆண்டுகள் உரிமை இருக்கும், மறைந்ததற்கு அடுத்த ஆண்டிலிருந்து கணக்கு. சங்க இலக்கியம், குறள், சித்தர் பாடல்களுக்கெல்லாம் இந்தக் கவலையே இல்லை. பாரதியார் பாடல்களின் உரிமையை 1949இலேயே அரசு எடுத்துக்கொண்டு பிறகு மக்களுக்கே பொதுவாக்கிவிட்டது. 1964இல் மறைந்த பாரதிதாசனின் எழுத்துகளையும் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. வேறு பல எழுத்தாளர்களின் நூல்களும் அப்படி ஆகியிருப்பதால், ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்முன் நாட்டுடைமைப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். மூலப் பாடத்துக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளமும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் போதும்.

இப்போது இருக்கும் கவிஞர் என்றால் கேளுங்கள். ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பி, எங்கே, எத்தனை நாள், எந்த வரிகள் என்று சொல்லி, சரி என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மகிழ்ச்சியாகவே சொல்வார்கள். ஒரு சொல்லைக்கூட வெட்டாதீர்கள், அட்டையில் இடம் போதவில்லை என்றால் வேறு கவிதை எடுங்கள். சினிமாப் பாட்டு எவ்வளவு பிடித்ததாக இருந்தாலும் விட்டுவிடுங்கள், அதில் பாடலாசிரியர், இசை நிறுவனம், தயாரிப்பாளர் என்று யாரிடம் என்ன இருக்கிறது என்று பிரிப்பதற்குள் தலை நரைத்துவிடும்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்ததை அப்படியே நம்பாதீர்கள். பாரதியார் பெயரிலும் அப்துல் கலாம் பெயரிலும் அவர்கள் கனவிலும் நினைக்காத வரிகள் சுற்றுகின்றன. அச்சுப் புத்தகத்தில் கண்ணால் பார்க்காத எதையும் மாட்டக் கூடாது என்று நாங்கள் ஒரு விதியே வைத்திருக்கிறோம்.

அனுமதி

தனியார் கடை, வீட்டு மதில் என்றால் அங்கே இருப்பவரிடம் கேட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். வாடகைக்கு இருப்பவர் சரி என்று சொன்ன சுவரில் நாங்கள் மாட்டி, வீட்டுக்காரர் வந்து கழற்றி எறிந்த கதையும் உண்டு. யார் சுவர் என்று முதலில் உறுதி செய்யுங்கள், முடிந்தால் ஒரு துண்டுச் சீட்டில் கையெழுத்து வாங்குங்கள். தமிழ்நாட்டில் பொதுப் பார்வையில் படும் இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959ஆம் ஆண்டிலிருந்தே ஒரு சட்டம் இருக்கிறது, கவிதைதானே என்று யாரும் விலக்குத் தர மாட்டார்கள்.

பஸ் ஸ்டாப், பூங்கா, நூலகம், அங்கன்வாடி என்றால் உள்ளாட்சியிடம் போக வேண்டும். பேரூராட்சியில் செயல் அலுவலர், நகராட்சியில் ஆணையர், ஊராட்சியில் தலைவரும் செயலரும். ஒரு பக்க மனு: எந்த இடம், எத்தனை அட்டை, என்ன அளவு, எப்படி மாட்டுவோம், எப்போது கழற்றுவோம், பெயரோ விளம்பரமோ இருக்காது. மாதிரி அட்டை ஒன்றையும் கையில் கொண்டுபோங்கள், மனுவைவிட அதுதான் பேசும். வார்டு கவுன்சிலரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. சொல்லாமல் போனதால் எங்கள் மனு இரண்டு மாதம் ஒரு மேஜையிலேயே தூங்கியது. கிராமம் என்றால் கிராம சபையில் எழுந்து கேட்கலாம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு 6 தடவை கூடுகிறது.

மின்கம்பத்திலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் எதையும் கட்டாதீர்கள், அனுமதி கிடைத்தாலும் கட்டாதீர்கள். பேனர் மாதிரி பெரிதாக, காற்றைப் பிடிக்கிற எதுவும் வேண்டாம். 2019இல் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஒரு இளம்பெண் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மரத்தில் ஆணி அடிக்கவே கூடாது. கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் தேங்காய் நார்க் கயிற்றில் தளர்வாகக் கட்டி, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அவிழ்த்துக் கட்டுங்கள்.

அச்சடிக்கும் இடத்தில் நடப்பது

இங்கேதான் அதிகமாகக் கெட்டுப்போகும். சொல்லிவிடுகிறேன்.

பஸ் ஸ்டாப் குறளை வேர்ட் கோப்பாக ஒரு டிடிபி கடையில் கொடுத்தோம். அங்கே அந்த எழுத்துரு இல்லை, யூனிகோடை அவர்கள் மென்பொருள் சரியாக எடுக்கவில்லை, கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமாக நின்றது. பரவாயில்லை, நானே அடித்துவிடுகிறேன் என்று கடையில் இருந்தவர் வேறு எழுத்துருவில் மறுபடி தட்டச்சு செய்தார். நாங்கள் வாங்கி வந்து மாட்டிவிட்டோம். மூன்று நாள் கழித்துத்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த அட்டை முன்னால் நின்று நகத்தைக் காட்டிக் காட்டிச் சிரிப்பதைக் கவனித்தேன். "தான் நோக்கி மெல்ல நகம்" என்று அச்சாகியிருந்தது. ஒரு உகரம் போனதில் அவள் சிரிப்பே போய்விட்டது.

அதனால், வேர்ட் கோப்பு கொடுக்காதீர்கள், பிடிஎஃப் மட்டும். எழுத்துரு அதற்குள்ளேயே பதிந்திருக்க வேண்டும், நம்பிக்கை இல்லாவிட்டால் படமாக மாற்றிக் கொடுங்கள். கடையில் திரும்பத் தட்டச்சு செய்ய விடாதீர்கள். விட வேண்டி வந்தால் ஒரு பிரதி எடுத்து, அங்கேயே நின்று, ஒருவர் மூலத்தை எழுத்து எழுத்தாகச் சத்தமாகச் சொல்ல இன்னொருவர் அச்சைப் பாருங்கள். ர ற, ல ள ழ, ன ண ந, ஒற்று, கால், கொம்பு இவற்றில்தான் பிழை ஒளிந்திருக்கும். பாட்டு மனப்பாடமாகத் தெரிந்தவரைத் திருத்த விடாதீர்கள், அவர் கண் பிழையைத் தானே திருத்திக்கொண்டு மேலே போய்விடும்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், மீரா இனிமை, கட்டாமரான் எல்லாம் இலவசம், தெளிவானவை. கவிவனார் போன்ற கையெழுத்துச் சாயல் உள்ளவை திரையில் அழகாக இருக்கும், பத்தடி தள்ளி நின்றால் ணகரமும் னகரமும் ஒன்றாகிவிடும். பலகை எழுதுகிறவர்கள் 10 அடி தூரத்துக்கு 1 அங்குல எழுத்து என்று ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். தமிழில் சுழி அதிகம் என்பதால் அதைவிடக் கொஞ்சம் கூடவே வையுங்கள். ஏ4 தாளைக் குறுக்காக வைத்தால் குறளின் முதல் வரி 36 புள்ளியில் பெரும்பாலும் அடங்கும், நாலடி தூரத்தில் நின்று கண்ணாடி இல்லாமலே படிக்கலாம். அதற்குக் கீழே போகாதீர்கள். உங்கள் அம்மாவையோ பாட்டியையோ நிற்க வைத்துப் படிக்கச் சொல்லிப் பாருங்கள், அதைவிட நல்ல சோதனை கிடையாது.

லேசர் பிரிண்டாகக் கேளுங்கள். சாதாரண இங்க்ஜெட் மை ஒரு சாரலுக்கே ஒழுகிவிடும். கறுப்பு அல்லது அடர்நீலம் போதும், வெயிலில் சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் வெளுக்கும். அதோடு நம் ஊரில் நிறத்துக்கு அர்த்தம் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். கறுப்பும் சிவப்பும் சேர்ந்தால் ஒன்று, பச்சை சேர்ந்தால் ஒன்று, மஞ்சள், நீலம் என்றால் வேறு. சில ஊர்களில் இரண்டு நிறத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே இது எந்தத் தெருக்காரர்கள் வேலை என்று கேட்பார்கள். வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து, ஓரத்தில் பூ, மயில், இதயம் எதுவும் வேண்டாம்.

எதில் மாட்டுவது

மலிவானதும் எனக்குப் பிடித்ததும் கரும்பலகைதான். டீக்கடைக்காரர் ஏற்கெனவே விலை எழுதும் பலகையில் மேலே ஒரு ஓரம் கேளுங்கள். செலவு ஒரு சாக்பீஸ். எழுத்து நன்றாக இருக்கும் ஒருவர் வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

அடுத்து லேமினேஷன். அச்சோடு சேர்த்து ஒரு அட்டை எங்களுக்கு 50 ரூபாய்க்குள் முடிந்தது. தடிமனான ஷீட் கேளுங்கள், 125 மைக்ரான் வெளியில் தாங்காது, 250 நல்லது. தாளைவிடச் சுற்றிலும் ஒரு விரற்கடை பிளாஸ்டிக் அதிகமாக விடச் சொல்லுங்கள். ஓட்டையைத் தாளில் போடாமல் அந்த வெறும் ஓரத்தில் போடுங்கள். இது தெரியாமல் நாங்கள் தாளோடு பஞ்ச் செய்தோம், முதல் மழையில் ஓட்டை வழியாகத் தண்ணீர் ஏறி, ஒரு வாரத்தில் உள்ளே கறுப்புப் பூசணம் பூத்துக் கவிதையை மூடிவிட்டது.

நிரந்தரமாக ஓர் இடம் கிடைத்தால் சட்டம் போட்டுவிடுங்கள். அலுமினியம் கண்ணாடிக் கடையில் சேனல் வாங்கி, பின்னால் ஏசிபி ஷீட் (இரண்டு பக்கமும் அலுமினியத் தகடு ஒட்டிய பிளாஸ்டிக் பலகை), முன்னால் அக்ரிலிக், தாளைப் பக்கவாட்டில் செருகுகிற மாதிரி. மேலே திறப்பு இருந்தால் மழை இறங்கும். அடியில் இரண்டு சின்ன ஓட்டை விட்டால் உள்ளே சேரும் ஈரம் வடியும். மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை வேண்டாம், ஒரே ஐப்பசியில் ஊதிவிடும். பல்லி சட்டத்துக்குப் பின்னால் முட்டை வைக்கும், அதற்கு வழி எதுவும் நான் கண்டுபிடிக்கவில்லை. சுவர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் பாருங்கள், வடக்குப் பார்த்த சுவரில் அச்சு நீண்ட நாள் நிற்கும், மேற்கு வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும்.

மைதாப் பசை போட்டுச் சுவரில் ஒட்டுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மாடு நக்கி நக்கித் தாளோடு தின்றுவிடும். பூச்சி வராமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள், அது விஷம், ஆகவே தெருவில் வேண்டவே வேண்டாம்.

சுவரில் நேரடியாக எழுதுவது என்றால் விளம்பரம் எழுதும் பெயின்டர் ஒருவரைப் பிடியுங்கள். பிளெக்ஸ் வந்த பிறகு அவர்களில் பலருக்கு வேலையே குறைந்துவிட்டது, கவிதை எழுதக் கூப்பிட்டால் ஆர்வமாக வருவார்கள். பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, பிரைமர் அடித்து, வெளிச்சுவர் எமல்ஷன் இரண்டு கோட் கொடுத்து, காய்ந்த பிறகு நூல் தட்டிக் கோடு போட்டு எனாமலில் எழுத வேண்டும். எங்களுக்கு எழுதியவர் கோடு போட்டதும் எழுத ஆரம்பிக்கவில்லை. தரையில் ஒரு கரித்துண்டால் முழுப் பாட்டையும் எழுதிப் பார்த்து, எந்த வரி நீளம் என்று விரலால் அளந்து, நடு எழுத்து எது என்று கண்டுபிடித்து, அங்கிருந்து இரண்டு பக்கமும் நகர்ந்தார். கூலியைப் பேரம் பேசாதீர்கள்.

உயரம்: நிற்கிறவர்களுக்குத் தரையிலிருந்து 5 அடி, உட்காருகிறவர்களுக்கு 4, அங்கன்வாடி வாசலில் 3. டபுள் டேப்பை நம்ப வேண்டாம், சித்திரை வெயிலில் இளகி விழும்.

உபயம்

டியூப்லைட்டில் "உபயம்" என்று எழுதி எழுதி வெளிச்சத்தையே மறைத்த பரம்பரை நாம். அட்டை மாட்டியதும் யாராவது வருவார்கள், 500 ரூபாய் தருகிறேன், கீழே கடைப் பெயர் போடு என்று. ஒருவருக்குப் போட்டால் எல்லோருக்கும் போட வேண்டும், அடுத்தது போட்டோ வரும். எங்கள் அட்டைகளில் பாட்டு, எழுதியவர் பெயர், எந்த நூல் என்பதைத் தவிர எதுவும் இல்லை, எங்கள் பெயரும் இல்லை. பணம் தர விரும்பியவர்களிடம் காகிதமும் லேமினேஷன் ஷீட்டுமாக வாங்கிக்கொண்டோம். தேர்தல் அறிவித்துவிட்டால் எதற்கும் கொஞ்ச நாள் கழற்றி வைத்துவிடுங்கள், சுவர்களை வெள்ளையடிக்க வருகிறவருக்கு எது கவிதை எது பிரச்சாரம் என்று பார்த்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

மாற்றிக்கொண்டே இருப்பது

ஆரம்பிக்கும்போது எல்லோருக்கும் உற்சாகம் இருக்கும், நாலாவது மாதத்தில் ஒருவர்தான் மிஞ்சுவார். அதனால் ஐந்து அட்டைக்கு மேல் ஆரம்பத்தில் போகாதீர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆளைப் பொறுப்பாக்குங்கள், அதுவும் தினமும் அந்த வழியாகப் போகிறவராக. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறோம், முதல் சனியும் மூன்றாம் சனியும். ஒரே கவிதை மாசக்கணக்கில் கிடந்தால் சுவரோடு சுவராகிவிடும், யார் கண்ணிலும் படாது. ஒரு செட்டை ஐந்து இடத்துக்கும் சுற்றி விட்டால் அச்சுச் செலவு மிச்சம் என்று தோன்றும். ஆனால் சலூன் குறளை ரேஷன் கடையில் வைத்து என்ன செய்ய? பொதுவான பாட்டுகளை மட்டும் சுற்றி விடுங்கள்.

அட்டை மேல் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டிவிடுவார்கள். கோபப்பட்டு உடனே கிழிக்காதீர்கள். பதினாறாம் நாள் காரியம் முடியட்டும், பிறகு தண்ணீர் தெளித்து மெதுவாக உரித்து எடுங்கள். வெற்றிலை எச்சிலுக்கு ஈரத் துணி, பேனாக் கிறுக்கலுக்குக் கொஞ்சம் ஸ்பிரிட். யாராவது காதலி பெயரை எழுதி வைத்தால், 1094க்குக் கீழே என்றால், நான் இரண்டு நாள் விட்டு வைப்பேன்.

படிக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள 20 நிமிடம் எதிரே டீ குடித்துக்கொண்டு நின்று பாருங்கள். உதடு அசைகிறதா, பக்கத்தில் இருப்பவரைத் தட்டிக் காட்டுகிறார்களா, போட்டோ எடுக்கிறார்களா. கேள்வித்தாள் கொடுத்துக் கருத்துக் கேட்கிற வேலையெல்லாம் வேண்டாம், கேட்டால் எல்லோரும் அருமை என்றுதான் சொல்வார்கள்.

ஊர்க்காரர்கள் எழுதியது

ஆறு மாதம் ஓடிவிட்டால் ஊரிலிருந்தே வாங்க ஆரம்பிக்கலாம். நூலகத்தில் ஒரு பெட்டி, நாலு வரிக்கு மேல் கூடாது என்ற ஒரே விதி. வருவதில் பாதி அம்மாவைப் பற்றியும் மீதி தமிழைப் பற்றியும் இருக்கும், அதற்குத் தயாராக இருங்கள். "உங்கள் தெருவில் மழை பெய்தால் முதலில் எது நனையும்" என்பது மாதிரி குறிப்பாகக் கேட்டால் நல்ல வரி வரும். பிள்ளைகள் எழுதியதை வைக்கும் முன் பெற்றோரிடம் கேளுங்கள், பெயரும் வகுப்பும் போதும், பள்ளி, முகவரி, போட்டோ வேண்டாம். பாட்டிமார்களிடம் தாலாட்டு கேட்கப் போனால் ஒரு மதியம் முழுக்க ஒதுக்கிப் போங்கள், இரண்டாவது காபிக்குப் பிறகுதான் பாட ஆரம்பிப்பார்கள். தேர்ந்தெடுக்காத வரிகளை எழுதியவரிடமே திருப்பிக் கொடுத்து ஒரு வார்த்தை பேசுங்கள், இது சின்ன ஊர், நாளைக்கும் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

போன மார்கழியில் எங்களில் இரண்டு பேருக்குக் காய்ச்சல், ஒருவர் சபரிமலைக்குப் போய்விட்டார், மூன்றாவது சனிக்கிழமை அட்டை மாற்றவில்லை. திங்கட்கிழமை காலையில் டீக்கடைக்குப் போனால், பலகையில் எங்கள் பழைய குறள் அழிக்கப்பட்டு, டீக்கடை அண்ணன் கையெழுத்தில், வடை விலைக்கு மேலே இப்படி இருந்தது:

பால் பொங்கும் வரை
பேசாமல் நிற்கிறது
குளிர்

யார் எழுதியது என்று கேட்டதற்கு, "நீங்க வரல, பலகை சும்மா கிடந்துச்சு" என்றார்.